வரிசை நகரும் வரை

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நான் டீ குடிக்கும் கடைக்கு எதிரே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ராயபுரம் ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் போகவேண்டிய வண்டிகள். சில நாள் ஒரு மணி நேரத்தில் நகர்ந்துவிடும். சில நாள் விடிய விடிய நிற்கும். ஓட்டுநர்கள் சமைப்பார்கள், துணி அலசுவார்கள், வீடியோ காலில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை விசாரிப்பார்கள். அவர்களில் ஒருவர், ஓமலூர்ப் பக்கத்துக்காரர், செஸ் ஆடுவார். வண்டியை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, செல்போனில் மூன்று நிமிட ஆட்டம்.

நான் செஸ் பற்றி எழுதியதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் நேராகவே கேட்டார். "சார், ரெண்டு வருசமா ஆயிரத்து முந்நூறுலயே நிக்குதுங்க. ஏறுது, எறங்குது, திரும்ப அங்கயே வந்து ஒக்காந்துக்குது. எங்கிட்ட என்னதான் கொறை?"

நான் ஆட்டக்காரன் இல்லை. ஆடுகிறவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஆடத் தெரிந்தவன்போல் பேசுகிறவன். ஆனாலும் கேள்வி பிடித்திருந்தது. அவர் தோற்ற இருபது ஆட்டங்களை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் அந்த 1300 என்ற ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் தர எண்ணை, கொஞ்சம் அடக்கி வைக்கவேண்டும். இந்த எண்ணின் மூதாதை, ஆர்பாட் எலோ வகுத்த முறை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் அவர். அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் அவருடைய முறையை ஏற்றன. இரண்டு பேருக்கு நடுவே 200 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 400 என்றால் 91. அதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. இணையத் தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் 1990-களில் திருத்தி அமைத்த கிளிக்கோ முறையை. அது ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்ற இன்னொரு எண்ணையும் வைத்திருக்கும். புதிதாக வந்தவருக்கும் நெடுநாள் ஆடாதவருக்கும் எண் துள்ளிக் குதிக்கும். தினமும் ஆடுகிறவருக்கு எறும்பாக ஊரும்.

ஒரே ஆளுக்கு இரண்டு தளங்களில் இருநூறு, முந்நூறு புள்ளி வேறுபடுவதும் சாதாரணம். காசிமேட்டு ஏலத்தில் ஒரு கூடை வஞ்சிரம் போகிற விலைபோலத்தான் இது. அன்றைக்கு அங்கே வாங்க வந்தவர்கள் யார் யார் என்பதைப் பொறுத்த விலை. அதே கூடை சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனால் வேறு விலை. கூடையில் எந்த மீன் கெட்டிருக்கிறது என்பதை எந்த விலையும் சொல்லாது. நம் ஓட்டுநரின் கேள்வியோ கெட்ட மீனைப் பற்றியது.

அவருடைய பலம் என்ன என்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. கண். குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து ராஜாவையும் யானையையும் ஒருசேர மிரட்டும் வாய்ப்பு வந்தால் கண் இமைப்பதற்குள் ஆடிவிடுகிறார். எதிராளி ராஜா பின்வரிசையில் மூச்சுமுட்ட நின்றால் யானையை இறக்கி முடித்துவிடுகிறார். எங்கும் பயிற்சிக்குப் போனதில்லை, புத்தகம் தொட்டதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் தானாகவே அந்தக் கண்ணை உருவாக்கியிருக்கின்றன.

இந்தக் கண்ணைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் 1940-களில் தொடங்கிவைத்ததை, அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் கூர்மையாக்கினார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவிலிருந்து ஒரு பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். காய்களை அதேபோல் அடுக்கவேண்டும். இருபத்தைந்து காய் அளவில் இருந்த பலகையில் மாஸ்டர் சுமார் பதினாறைச் சரியாக வைத்தார், கற்றுக்குட்டி நாலு. அப்படியானால் மாஸ்டருக்கு அபார ஞாபகசக்தி என்றுதானே முடிவுகட்டத் தோன்றும்? அதே காய்களைத் தாறுமாறாகச் சிதறவிட்டுக் காட்டியதும் மாஸ்டரும் கற்றுக்குட்டியும் கிட்டத்தட்ட ஒன்றாகிப்போனார்கள். மாஸ்டர் தனித்தனிக் காயாகப் பார்க்கவில்லை. பழகிய கொத்துகளாகப் பார்த்தார். 'கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய்' என்பது அவருக்கு ஐந்து காய் இல்லை, ஒரே பொருள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. ஆட்டம் நாற்பது நகர்த்தல் போனால் ஒவ்வொன்றுக்கும் நாலரை விநாடி. சேஸும் சைமனும் கொடுத்த ஐந்து விநாடியைவிடக் குறைவு. அதாவது பிளிட்ஸ் எனப்படும் இந்த மின்னல்வேக ஆட்டம் ஆடுகிறவர் பெரும்பாலும் யோசிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறார். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. வலுவான ஆட்டக்காரர்களின் தரத்தில் பெரும்பங்கை அவர்களுடைய பிளிட்ஸ் ஆட்டமே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று புரூஸ் பர்ன்ஸ் 2004-ல் கணக்கிட்டுக் காட்டினார். அடையாளம் காணும் கண் இல்லாமல் செஸ்ஸில் எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கண் ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றதைப் பார்க்கவிடாது.

மெரிம் பிலாலிச்சும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு செக்மேட் அதில் இருந்தது: ராஜாவை அதன் காய்களே அடைத்து நிற்க, குதிரை வந்து முடிக்கும் வகை. அதைவிடக் குறைந்த நகர்த்தலில் முடியும் இன்னொரு வழியும் இருந்தது, ஆனால் அது அவ்வளவு பிரபலம் இல்லை. "இன்னும் குறுகிய வழி இருக்கிறதா, தேடுங்கள்" என்று சொன்னார்கள். தேடினார்கள். இல்லை என்றார்கள். அவர்களுடைய கண் எங்கே போகிறது என்பதை ஒரு கருவி பதிவுசெய்துகொண்டிருந்தது. வாய் 'வேறு வழி தேடுகிறேன்' என்று சொல்லும்போதும் கண் அந்தப் பழைய செக்மேட்டின் கட்டங்களையே சுற்றிச்சுற்றி வந்தது. பழைய வழியை அடைத்துவிட்டு அதே நிலையைக் கொடுத்தபோது, குறுகிய வழி உடனே தெரிந்தது. ஆட்டக்காரர்கள் பொய் சொல்லவில்லை. தேடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநரின் தோல்விகளில் இதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ராணியையும் மந்திரியையும் ஒரே குறுக்குக்கோட்டில் நிறுத்தி எதிராளி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைப்பது அவருடைய பிரியமான ஏற்பாடு. எதிராளி ஒரு சிப்பாயை ஒரே கட்டம் தள்ளி அந்தக் கோட்டை மூடிவிட்டாலும் அவர் விடுவதில்லை. அடுத்த எட்டு நகர்த்தலும் அந்த மூடிய கதவையே தட்டிக்கொண்டிருப்பார். அதற்குள் பலகையின் மறுபக்கத்தில் அவருடைய இரண்டு சிப்பாய் போயிருக்கும்.

"அங்க ஏதோ இருக்குன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்குதுங்க சார்" என்றார். ஆய்வாளர்களின் கண்பதிவுக் கருவி சொன்னதும் அதுவேதான்.

எங்கள் பகுதியில் செஸ்ஸைவிட கேரம்தான் பெரிது. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். கேரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: ஆட ஆடக் கை பழகும். கேரமுக்கு அது உண்மை. காய் குழியில் விழுந்ததா இல்லையா என்று ஸ்டிரைக்கர் நிற்பதற்குள் தெரிந்துவிடும். கை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். செஸ்ஸில் தவறுக்கும் தண்டனைக்கும் நடுவே பதினைந்து நகர்த்தல் இருக்கும். எதிராளியும் 1300-தான் என்றால் தண்டனையே வராமலும் போகும். தப்பான ஏற்பாட்டுக்கு வெற்றி பரிசாகக் கிடைத்து, தப்பு இன்னும் ஆழமாக ஊறும். நிறைய ஆடியும் முன்னேறாதவர்கள் எல்லாத் தளத்திலும் குவிந்து கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

"அதுக்குத்தான் என்ஜின் இருக்குதே சார். தப்பு எதுன்னு சிவப்பா காட்டுது" என்றார் அவர்.

காட்டுகிறது. அவர் போனில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின், உலகில் எந்த மனிதனையும் தோற்கடிக்கும். ஒவ்வொரு நிலைக்கும் சிப்பாயின் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து மதிப்புப் போடும். அதிலிருந்து வெல்லும் வாய்ப்பு எவ்வளவு சரிந்தது என்று தளம் கணக்கிட்டு, ஆட்டத்தின் முடிவில் '87 சதவீதத் துல்லியம்' என்று ஒரு மதிப்பெண் அட்டையும் தரும். இந்த அட்டையைப் பார்த்து மகிழ்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எதிராளி ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் ஆடினாலும் துல்லியம்தான். கடினமான நிலையில் உயிரைக் கொடுத்துப் போராடி டிரா செய்த ஆட்டத்துக்கு 70 வரும்.

அதைவிடப் பெரிய குறை, என்ஜின் என்ன என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. முப்பத்தோராவது நகர்த்தலில் சிவப்புப் புள்ளி வைக்கும். யானையை அங்கே வைத்தது தப்பு, இங்கே வைத்திருக்கவேண்டும். சரி. ஆனால் அங்கே வைக்கவேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது? எதிராளியின் மிரட்டலையே பார்க்கவில்லையா, பார்த்துக் கணக்குத் தப்பியதா, அப்படிப்பட்ட நிலையில் என்ன செய்வதென்றே தெரியாதா, கடிகாரத்தில் ஒன்பது விநாடிதான் இருந்ததா, விரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டுவிட்டதா? ஐந்துக்கும் ஒரே சிவப்புப் புள்ளி. ஐந்துக்கும் மருந்து வேறு.

இதைச் சொன்னதும் அவர் தன் தொழிலிலிருந்தே பிடித்துக்கொண்டார். "மெக்கானிக் 'பேரிங் போச்சு, மாத்து'ங்கறான். மாத்துறோம். ஏன் போச்சுன்னு பாக்கலீன்னா அடுத்த டிரிப்புல திரும்பப் போவும்."

சென்னைக்காரர்கள் இங்கே குகேஷை நினைத்துக்கொள்ளலாம். என்ஜின் இல்லாமல் எந்தச் சிறுவனும் செஸ் கற்பதில்லை என்றாகிவிட்ட காலத்தில், அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை நெடுங்காலம் என்ஜின் பக்கமே விடவில்லை. ரேட்டிங் 2500-ஐ ஒட்டி வரும்வரை பலகையும் மண்டையும்தான். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில், அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் விடையைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்பது என்ற பழக்கம் அங்கே உருவாகியிருக்கிறது. அதன் பலனை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பார்த்தோம்.

உலகப் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம். குகேஷும் எதிராளி டிங் லிரெனும் ஆறரைப் புள்ளியில் சமம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் நிலை டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை யானைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். உலகம் முழுக்க என்ஜினோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த விநாடியே கத்திவிட்டார்கள். குகேஷ் கத்தவில்லை. அவர் கண்ணில் அது படவேயில்லை. வேறொரு கட்டத்துக்கு யானையை நகர்த்தத்தான் போனதாக அவரே பிறகு சொன்னார். அப்புறம்தான் டிங்கின் மந்திரி மூலையில் மாட்டியிருப்பது தெரிந்தது. யானைக்கு யானை வெட்டு, மந்திரிக்கு மந்திரி வெட்டு, மிஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் வெற்றி. முன்னே தோன்றிய நகர்த்தலுக்கும் ஆடிய நகர்த்தலுக்கும் நடுவே யோசிக்க அவகாசம் இருந்தது. மூன்று நிமிட ஆட்டமாக இருந்திருந்தால் கை அந்த முதல் நகர்த்தலைத்தான் ஆடியிருக்கும் என்பது என் ஊகம். அந்தச் சமயத்தில் வேக ஆட்டங்களில் குகேஷ் அவ்வளவு வலுவில்லை என்பது ஊரறிந்தது. இந்தக் கட்டுரையின் நோக்கில் அது அழகான முரண்: பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனான பையனின் பலவீனமும் நம் ஓட்டுநரின் பலமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

யோசிக்க நேரம் கொடுத்தால் யாருக்கு லாபம்? 2012-ல் ஜெரட் மாக்ஸ்லியும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, முதலில் வந்த நகர்த்தலையும் சில நிமிடம் யோசித்து முடிவான நகர்த்தலையும் ஒப்பிட்டார்கள். தரம் குறைந்தவர்களும் தேறினார்கள், வல்லவர்களும் தேறினார்கள். உள்ளுணர்வு கைவந்தவர்களுக்கும் இரண்டாவது பார்வை தேவைப்படுகிறது.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் பிளிட்ஸ் கெடுதல்' என்று சொல்லும் கட்சிக்கு நான் போகமாட்டேன். விஸ்வநாதன் ஆனந்த் வளர்ந்ததே பிளிட்ஸில். 1972-ல் சென்னையின் சோவியத் கலாசார மையத்தில் மானுவேல் ஆரோன் முயற்சியில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில், ஜெயிப்பவர் உட்கார்ந்திருப்பார், தோற்பவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். ஆனால் அங்கே எழுந்தவர் பலகையைச் சுற்றி நின்றார். 'நீ ஏன் அந்தக் குதிரையை வெட்டலை?' என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். செல்போனில் தோற்றவருக்கு முன்னால் இருப்பது 'மறு ஆட்டம்' என்ற பொத்தான்.

இணையம் கொடுத்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. டால் கிளப்புக்கு அந்தக் காலத்தில் எண்ணூரிலிருந்து ஒரு பையன் போய்வருவதென்றால் அது ஒரு பயணம். 2022 பிப்ரவரியில் பாடியைச் சேர்ந்த பதினாறு வயது பிரக்ஞானந்தா மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தது கணினித் திரையில். அதே ஆண்டு மே மாதம் இன்னொரு இணையப் போட்டியின் இறுதிவரை போனார். ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு. விமானச் சீட்டும் விசாவும் இல்லாமல் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஒரு பையனுக்கு எதிரே வந்து உட்காருவது முன்பு நடக்காத விஷயம்.

இனி மருந்து. நீல் சார்னஸ் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் தரத்தை மிக நன்றாக முன்கூட்டிச் சொன்னது அவர் தனியாக உட்கார்ந்து படித்த நேரம். போட்டிகளில் ஆடிய நேரம்கூட அதற்குப் பின்னால்தான். அதற்காக இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்தும் பயனில்லை. அர்ஜென்டினாவில் கோபேயும் காம்பிதெல்லியும் 2007-ல் கணக்கெடுத்தபோது, மாஸ்டர் நிலைக்கு ஒருவர் சுமார் 3,000 மணி நேரத்தில் வந்திருந்தார்; இன்னொருவருக்கு 23,000 மணிக்கு மேல் ஆனது. பக்கத்து வீட்டுப் பையனோடு உங்களை ஒப்பிடவேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம் ஓட்டுநருக்கு நான் சொன்னவை கொஞ்சம்தான். தோற்றதும் என்ஜினைத் திறக்கக் கூடாது. டிரிப் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில், எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது, அப்போது மனதில் என்ன இருந்தது என்று இரண்டு வரி எழுதவேண்டும். அதற்கு அப்புறம் என்ஜின். அவர் குறித்த இடமும் என்ஜின் குறித்த இடமும் வேறாக இருந்தால், படிக்கவேண்டியது அந்த இடைவெளியைத்தான். அடுத்தது, நகர்த்தும் முன் எதிராளியின் கடைசி நகர்த்தல் எதற்காக என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது. பிலாலிச்சின் ஆட்டக்காரர்களின் கண் சிக்கிய இடத்திலிருந்து அதை வலிய இழுத்துவர எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அது. தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் போனை வைத்துவிடுவது. மூன்றாவதைக் கோபம் ஆடுகிறது.

இன்னொன்று இருபது ஆட்டத்தையும் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதில் நாலு ஆட்டம் நல்ல நிலையில், அந்த நாலில் ஒன்று வெல்லும் நிலையிலேயே, நடுவில் நின்றிருந்தன. நேரம் தீர்ந்து தோல்வி. "இது என்ன?" என்றேன்.

"வரிசை நகந்துருச்சுங்க சார்."

முன்வண்டி நகர்ந்தால் போனைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஐந்தில் ஒரு தோல்வி துறைமுகத்தின் கணக்கில் போகவேண்டியது. ரேட்டிங்குக்கு இதெல்லாம் தெரியாது. இதற்கு மருந்து பழங்காலத்தில் இருக்கிறது. அந்த நாளில் அஞ்சலட்டையில் ஒவ்வொரு நகர்த்தலாக எழுதிப் போட்டு மாதக்கணக்கில் ஆடுவார்கள். தளங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது: ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று தவணை வைத்துக்கொள்ளலாம். வண்டி நிற்கும்போது யோசி, நகர்ந்தால் ஓட்டு, கேட்டுக்குள் சரக்கை இறக்கிவிட்டு வந்து ஆடு. எந்த ஆட்டமும் செத்துப்போகாது. முதலில் தோன்றியதை உடனே ஆடவேண்டிய கட்டாயமும் இல்லை.

போன வாரம் கடைக்கு வந்திருந்தார். பிளிட்ஸ் ரேட்டிங் 1270-க்கு இறங்கியிருந்தது. பத்து நாளில் ஆறே ஆட்டம்தான் ஆடியிருந்தார். அஞ்சலட்டை வேகத்தில் நாலு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டைக் காட்டினார். டீசல், டோல், மாமூல் செலவுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. ஒரு வரியில் பேனாவை அழுத்திக் கோடு போட்டிருந்தார்: 'சிப்பாய் தள்ளி மூடிட்டான். நான் பாக்கல.'